மலை மேல் கசிந்த பிரேக் ஆயில்

மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் நம் ஊரிலும் பெருகிவிட்டது. அரிசி, பருப்பு, அடுப்பு, போர்வை எல்லாவற்றையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாலைந்து நண்பர்கள் கிளம்பிவிடுகிறார்கள். மழை பிடித்தால் என்ன செய்வது, அட்டை கடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் பேசி வைத்துக்கொள்கிறோம். ஏற்றிய வண்டியை இறக்கிக் கொண்டுவர பிரேக் வேண்டுமே என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. அது இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த பிரேக் ஒரு மெல்லிய குழாயை நம்பி இருக்கிறது. ஊரை விட்டு எட்டிப்போன இடத்தில் அந்தக் குழாய் கசிந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

முதலில் அந்தக் குழாயின் வேலையைப் பார்த்துவிடுவோம். நாம் பெடலை மிதிக்கிறோம். அந்த மிதி, மாஸ்டர் சிலிண்டர் என்ற சிறிய உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. உருளை நிறைய பிரேக் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் இங்கே கொடுத்த அழுத்தம் அப்படியே சக்கரம் வரை போகிறது. அங்கே இன்னொரு பிஸ்டன் லைனிங்கைத் தள்ளி டிரம்மையோ டிஸ்க்கையோ பிடிக்கிறது. அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற விதியைச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு பிளேஸ் பாஸ்கல். அதைப் பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்த பிறகு 1663-இல் அச்சானது. அந்த விதியைக் கார் சக்கரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மால்கம் லாக்ஹீட். தம்பி ஆலனோடு சேர்ந்து விமானம் கட்டியவர். லாக்ஹீட் விமானம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே குடும்பப் பெயர்தான். 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் கம்பியும் கேபிளும் இழுத்துத்தான் வண்டியை நிறுத்தினார்கள்.

அந்தக் குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கும்? ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் 30 கிலோ பலத்தோடு மிதிக்கிறீர்கள். பெடல் நெம்புகோலாக இருப்பதால் அது சுமார் 4 மடங்காகி 120 கிலோ ஆகிறது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் முகம் ஏறக்குறைய 4 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 30 கிலோ. பூஸ்டர் இருக்கும் வண்டியில் இது இரண்டு மூன்று மடங்கு கூடும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றோ சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ சொச்சம்தான். டயருக்கே எவ்வளவு தடித்த ரப்பரும் நூலும் தேவைப்படுகிறது! அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை, 5 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு இரும்புக் குழாய் தாங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை உங்களில் பலர் போய்வந்த இடமாக இருக்கும். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, அதைத் தாண்டிச் செம்மேடு. மேலே மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவுமாகத் தோட்டங்கள். அப்படி ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்கியிருந்தேன். வந்த வண்டி இரட்டை கேபின் வைத்த பிக்கப். எங்களில் ஒருவர் பழைய வண்டியாக வாங்கியது. காலையில் தண்ணீர்க் கேனை இறக்கப் போனவர், பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்துக் கூப்பிட்டார். ராத்திரி மழை இல்லை. கீழே கிடந்த சருகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

வண்டிக்கு அடியில் ஈரம் என்றால் உடனே பதற வேண்டியதில்லை. ஏசி ஓடிய வண்டியிலிருந்து சுத்தமான தண்ணீர் சொட்டும். எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, மூக்கைப் பிடிக்கும் கந்தக வாடையோடு இருக்கும். ரேடியேட்டர் கூலன்ட் பச்சை, சிவப்பு என்று நிறத்தோடு வரும். பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் நிறமே இல்லாமலோ இளமஞ்சளாகவோ, பழசானால் தேநீர் நிறத்திலோ இருக்கும். தொட்டால் வழுவழுக்கும், தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். மற்ற எண்ணெய்கள் அப்படிக் கரையாது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தோம். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. லைனிங் தேயத் தேய இந்த மட்டம் மெல்ல இறங்குவது சகஜம். ஒரே ராத்திரியில் இறங்கினால் அது கசிவு. பெடலை மிதித்து அழுத்திப் பிடித்தபோது, கால் மெதுமெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

அந்த நேரத்தில் நடந்த பேச்சைக் கேட்டால் உங்களுக்குப் பழகிய பேச்சாக இருக்கும். மறுநாள் திங்கட்கிழமை. ஒருவருக்கு அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை. அவர் சொன்னார்: "ஆயிலை ஊத்திட்டே, பம்ப் பண்ணிப் பண்ணி இறங்கிடலாம்." இன்னொருவர், "செகண்ட் கியர்ல போட்டா வண்டி தானா நிக்குது. பிரேக்கே வேணாம்" என்றார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, 70 வளைவுலயும் எதுக்கால பஸ்ஸு வராதுன்னு யாராச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம். சரியான பாடம். ஆனால் அது பிரேக்குக்குத் துணை. பிரேக்குக்குப் பதில் ஆகாது. இரண்டரை டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு கிலோவாட் ஹீட்டரை 7 மணி நேரம் போட்டால் செலவாகும் சக்தி. அத்தனையும் முக்கால் மணி நேரத்துக்குள் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவின் முனையில் ஒரு மாடு குறுக்கே வந்தால் எஞ்சின் வண்டியை நிறுத்தாது.

இன்னொரு வாதமும் வரும். இன்றைய வண்டிகளில் பிரேக் சுற்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். ஒரே சுற்றாக இருந்த காலத்தில் ஒரு துளை விழுந்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். அதனால்தான் 1960-களில் இரட்டைச் சுற்று பரவியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா அதைச் சட்டமாகவே ஆக்கியது. பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. எங்களுடைய கசிவு பின்பக்கம். முன்பக்கம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பெடல் பாதிக்கு மேல் வெறுமையாக இறங்கிய பிறகே பிடிக்கும். நிற்கும் தூரம் கூடும். பிரேக் தாங்க வேண்டிய சூடு முழுவதும் முன்சக்கரங்களின் தலையில் விழும். அந்த ஏற்பாடு, ஓடுகிற வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதற்காக வைக்கப்பட்டது. நின்றிருக்கும் வண்டியை மலையிலிருந்து இறக்குவதற்காக அல்ல.

பெரிய லாரிகள் விஷயம் வேறு. அவற்றில் இருப்பது ஏர் பிரேக். இன்றைய லாரிகளில் பின்சக்கரத்துப் பிரேக்கை ஒரு பலமான ஸ்பிரிங் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காற்றழுத்தம்தான் அதை விலக்கி வைக்கிறது. காற்று போய்விட்டால் ஸ்பிரிங் பிடித்து வண்டி நின்றுவிடும். சிறிய வண்டியின் ஹைட்ராலிக் பிரேக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆயில் போனால் அந்தச் சுற்றின் பிரேக் போயிற்று. அதனால் ஸ்பிரிங் செய்யும் வேலையை இங்கே ஓட்டுகிறவர் செய்ய வேண்டும்: வண்டியை நகர்த்தாமல் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, இரண்டு சக்கரத்துக்கும் கல் கொடுத்து நிறுத்துவதுதான் முதல் பழுதுபார்ப்பு. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

கூடாரத்தில் கையில் கிடைப்பதை வைத்து ஒட்டுப்போடும் யோசனைகளும் வரும். டேப் சுற்றலாமா, எம்-சீல் வைக்கலாமா, குழாயை அறுத்து ரப்பர் டியூப் செருகி கிளிப் போடலாமா? முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். மெதுவாக மிதித்துப் பார்க்கும்போது எல்லாமே நிற்பதாகத்தான் தோன்றும். உயிர் போகிற அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போதுதான் அது பிய்த்துக்கொண்டு போகும். டப்பாவில் எஞ்சின் ஆயிலையோ சமையல் எண்ணெயையோ ஊற்றுவது அதைவிடக் கேடு. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது கிளைக்கால் வகைத் திரவம். அதற்கென்றே செய்த ரப்பர் வாஷர்கள் மற்ற எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரும். கயிறு கட்டி இழுத்து இறக்குவது? சமவெளியிலேயே ஆபத்து. மலையில், பிரேக் இல்லாத வண்டி முன்னால் இழுக்கிற வண்டியின் முதுகில் போய் முட்டும்.

அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கசியும் பின்குழாயை மடக்கி நசுக்கி அடைத்துவிட்டு, முன் பிரேக்கோடு பக்கத்துப் பட்டறை வரை ஊர்ந்து போவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்திருக்கிறது. ஆளரவமற்ற சமதளச் சாலையில், பகலில், வேறு வழியே இல்லாதபோது செய்தது அது. மலைப்பாதைக்கு அந்தப் பேச்சே கூடாது.

நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுவது ஊர்த் தொழில். பிரேக் வேலை தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. போன் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று அடிவாரத்து மெக்கானிக் ஒருவரைப் பிடித்தோம். மதியத்துக்குள் பைக்கில் வந்துவிட்டார். முதுகுப் பையில் ஸ்பேனர்கள், வளையமாகச் சுற்றிய புதுக் குழாய், குழாய் வெட்டும் சின்னக் கருவி, நுனி விரிக்கும் கருவி, சீல் பிரிக்காத பிரேக் ஆயில் பாட்டில். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தவர் வெளியே வராமலே கேட்டார்: "ஏனுங்கண்ணா, இது மீன் ஏத்துன வண்டிங்களா?" வண்டிக்காரர் திகைத்தார். கடலோரத்தில் வாங்கியதுதான். சேஸில் செதில் செதிலாக உரிந்திருந்த துரு அதைச் சொல்லியிருக்கிறது. ஐஸும் உப்பும் கலந்த தண்ணீர் வருஷக்கணக்கில் அடியில் சொட்டியிருக்கிறது. பின் ஆக்ஸிலின் மேல் போகும் இரும்புக் குழாயை ஒரு கிளிப் பிடித்திருந்தது. அந்தக் கிளிப்புக்குள் சேறும் உப்பும் தங்கி, வெளியே தெரியாமல் குழாயை அரித்திருந்தது. மலை ஏறும்போது கொடுத்த அழுத்தத்தில் ஊசி முனை அளவுக்குத் திறந்துகொண்டது. சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டர் கசிந்திருந்தால் லைனிங் நனைந்து அதையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போகவில்லை.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் குழாயின் இரண்டு முனைகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். துருப்பிடித்த நட்டை அவசரப்பட்டுத் திருகினால் அதன் மூலைகள் மழுங்கிவிடும்; அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. அதற்காகவே நட்டைச் சுற்றிலும் கவ்வும், ஒரு பக்கம் மட்டும் குழாய் நுழைய வாய் வைத்த ஸ்பேனர் வைத்திருந்தார். பழைய குழாயைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதுக் குழாயை வெட்டினார். ஹேக்ஸா போடவில்லை. இரும்புத் தூள் உள்ளே போனால் ரப்பரைக் கீறும். நுனியின் பிசிறை நீவிவிட்டு, மறக்காமல் முதலில் நட்டைக் குழாயில் கோத்துக்கொண்டார். நுனியை விரித்த பிறகு நட்டு உள்ளே நுழையாது.

அதன் பிறகுதான் முக்கியமான வேலை. குழாயைக் கருவியின் இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கி, முதல் திருகலில் நுனியைக் குமிழாக உப்ப வைத்தார். இரண்டாவது திருகலில் அந்தக் குமிழையே உள்பக்கம் மடக்கினார். இப்போது குழாயின் வாய் இரட்டைச் சுவராகி, புனல் மாதிரி விரிந்திருந்தது. நட்டை இறுக்கும்போது இந்த வாய்தான் எதிரே இருக்கும் உலோகத்தோடு அழுந்தி அடைத்துக்கொள்கிறது. இதில் டேப் கிடையாது, பசை கிடையாது, வாஷரும் கிடையாது. வாய் ஒரு பக்கம் கோணலாக வந்திருந்ததால் முதலில் செய்ததை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தார். சில வண்டிகளில் வாயைக் குமிழாகவே விட வேண்டும்; பழையதைப் பார்த்து அதே மாதிரி செய்வதுதான் முறை. குழாயைக் கட்டைவிரலால் நீவி நீவி வளைத்தார். சொடுக்கு விழாமல் பார்த்துக்கொண்டார். நட்டை முதல் நாலைந்து சுற்று கையாலேயே ஏற்றினார். கிளிப்பில் மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர்த் துண்டை வைத்தார்.

அடுத்தது ஏர் எடுப்பது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் பெடல் மெத்தென்று போகும். சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினார். உள்ளே ஒருவர் உட்கார வேண்டும். "மிதிங்க... புடிங்க... உடாதீங்க." நிப்பிளைத் திறந்ததும் டியூபில் நுரையோடு ஆயில் வரும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். சில வண்டிகளுக்கு வரிசை வேறு, கையேட்டில் இருக்கும். நடுநடுவே டப்பாவில் ஆயில் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குமிழி நின்று ஆயில் தெளிவாக வந்ததும் பெடல் கல்லாக நின்றது. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நிமிஷம் முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லி, இணைப்புகளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார். ஈரமில்லை. தோட்டத்துச் சமதளத்தில் இரண்டு முறை ஓட்டி நிறுத்திய பிறகுதான் மலையிறங்கச் சம்மதித்தார்.

கூடாரத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளியே எடுத்த பழைய ஆயில் பெரும்பாலும் தண்ணீர் பாட்டிலில்தான் இருக்கும். அது விஷம். குழந்தைகளும் நாயும் இருக்கும் இடத்தில் அதை அடுப்பருகே, சாப்பாட்டுப் பொருளருகே வைக்கக் கூடாது. மண்ணில் ஊற்றவும் கூடாது. மூடி எழுதி ஒட்டி, கீழே பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். வண்டியின் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்குகிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், கசிவே இல்லாமலும் பெடல் விழுந்துவிடும். அதனால்தான் கையேடு சொல்லும் காலத்தில், பல வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

குழாய் துருப்பிடிப்பது மீன் வண்டிக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அங்கே பழைய பிக்கப்களின் பிரேக் குழாய் அரித்துப்போவதாக வந்த புகார்களை அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2010-இல் விசாரிக்கத் தொடங்கி 2015-இல் முடித்தது. வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதித்துப் பாருங்கள் என்று எல்லா வண்டிக்காரர்களுக்கும் அறிவுரை சொன்னது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கும், கடற்கரைக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கும் அது அப்படியே பொருந்தும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருவுக்குத் தாக்குப்பிடிக்கும். மாற்றும்போது கேட்டுப் பாருங்கள். ஏசி வேலைக்கு வரும் வெறும் செம்புக் குழாயை மட்டும் பிரேக்குக்குப் போடவிடாதீர்கள். அதிர்வில் அது விரிசல் விடும்.

மலைக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஆயில் மட்டம் எங்கே இருக்கிறது? பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் நிற்கிறதா, இறங்குகிறதா? நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் காய்ந்திருக்கிறதா? ஹேண்ட் பிரேக் சரிவில் வண்டியைப் பிடிக்கிறதா? பட்டறையில் தூக்கிப் பார்க்கும்போது கிளிப்களுக்குள் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். சீல் பிரிக்காத ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும், அடிவாரத்து மெக்கானிக் ஒருவரின் எண்ணும் கையில் இருக்கட்டும்.

இவற்றோடு திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயை மாற்ற அரைநாள் வேலை, பெரிய செலவும் இல்லை. டேப் சுற்றுவது, பம்ப் பண்ணி இறங்குவது, கயிறு கட்டி இழுப்பது எல்லாமே விவரம் தெரியாமல் எடுக்கும் முடிவுகள் அல்ல. திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்பதற்காக எடுக்கும் முடிவுகள். எங்களில் தணிக்கைக்குப் போக வேண்டியவர் அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரு நாள் விடுப்புக் கேட்டார். கொடுத்துவிட்டார்கள்.